ஆளில்லாத பஸ்

21.08.2012, பேசாலை
மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய்வந்து உடம்பிலுள்ள புழுதிகூடப் போகவில்லை. வேலைக் கந்தோருக்குள் நுழைந்ததும் செய்தி: தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வரும் விடிகாலை முதல் பஸ்ஸை அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறார்களாம். ஆளில்லாமல் ஓடுகிறதாம். இந்த மாவட்டத்துப் பஸ்களைத் திட்டமிடுகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை?

மேலிடத்து ஆட்கள் பதின்மூன்றாம் தேதி வந்து எண்ணினார்களாம். பதின்மூன்றாம் தேதி! மன்னார்த் தீவின் பாதிச் சனம் பானை சட்டியோடு மடுவில் கொட்டில் போட்டுக் கிடக்கிற நேரம். பள்ளிக்கூடம் விடுமுறை. முஸ்லிம் சனம் நோன்பு. பிறகு பஸ்ஸில் ஆர் ஏறுவது, பேயா?

22.08
பணிப்பாளர் கனகரத்தினத்தோடு தொலைபேசியில் சண்டை.

"திருநாள் பதினைஞ்சாம் தேதிதானே பிள்ளை? நாங்கள் அதுக்கு முதலே எண்ணிப்போட்டம்."

கொடியேற்றத்தோடேயே சனம் போய்விடும் என்றேன்.

"ஒருநாள் திருநாளுக்கு ஒரு கிழமை போய்க் கிடப்பினமோ?" என்று சிரித்தார்.

ஓம் சேர், கிடப்பம். நானே கிடந்தனான்.

24.08
பக்கத்து வீட்டுச் செலீனா வந்தாள். மன்னார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். "முதல் பஸ் இல்லாட்டி எனக்கு வேலையே இல்லை. நீங்கள்தானே அன்ரோனெற் அக்கா பஸ் போடுற ஆள்?"

போடுற ஆள் நான்தான். நிப்பாட்டுற ஆள் வேற.

30.08
முதல் பஸ் இல்லாத புதிய நேர அட்டவணையில் நான் கையெழுத்து வைக்கவேண்டுமாம். வைக்கமாட்டேன் என்றேன்.

"முல்லைத்தீவுக்கு மாத்திப்போடுவன்" என்றார் பணிப்பாளர்.

"மாத்துங்கோ சேர். அதுக்கு முதல் பள்ளிக்கூடம் திறந்தாப்பிறகு நீங்களே வந்து ஒருக்கா ஏறிப் பாருங்கோ."

பயம்தான். பயந்தா என்ன? வைக்கமாட்டன்.

10.09
வந்தார்! தலைமன்னாரில் இருக்கை பிடித்தவர், பேசாலையில் ஒரு கர்ப்பிணிக்கு எழும்பிக்கொடுத்தாராம். மன்னாரில் இறங்கும்போது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சப்பாத்தில் யாரோ ஒருவரின் மீன்தண்ணி.

"எத்தனை பேர் சேர்?"

"எங்க எண்ணுறது? கழுத்தைத் திருப்ப ஏலாமல் கிடந்துது!" என்று என்மேல் பாய்ந்தார். பஸ் ஓடும் என்றார். பிழை விட்டோம் என்று ஒரு சொல் இல்லை.

02.10
இடமாற்றம். முல்லைத்தீவு. 'சேவையின் தேவை கருதி'யாம். ஆரின்ர தேவை? வாய் நிறையத் திட்டினேன், சுவரை.

07.01.2013, முல்லைத்தீவு
செலீனா பேசாலையிலிருந்து போன் எடுத்தாள்.

"அக்கா, இண்டைக்கும் முதல் பஸ்ஸில மிதிபலகையில தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனனான். ஆரோ ஏறி மிதிச்சுக் கால்விரல் நசிஞ்சு போச்சு. இன்னொரு பஸ் போடச் சொல்லுங்கோவன்."

"ஆளில்லாத பஸ்ஸில அவ்வளவு சனமோ?" என்று கேட்டேன். கேட்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"எனக்கு நோகுதெண்டு சொல்லுறன், நீங்கள் சிரிக்கிறியள்!" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.