அப்பா எழுதச் சொன்னது

பெர்கனில் இருக்கும் என் தம்பிக்கு,

குடும்பக் கதையை எழுதி வைக்கலாமென்று போன மாதம் அப்பாவிடம் பழைய போட்டோக்களை நீட்டினேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிவந்தவர், படகோடு கடலில் போய் மூழ்கிவிட்ட நம் குட்டித் தங்கை சுன்னிவாவின் படத்தில் நின்றுவிட்டார்.

“எழுதிக்கோ. அன்னிக்குப் படகை அவுத்துவிட்டது உன் தம்பி இல்ல. நான்தான் சரியாக் கட்டாம வந்துட்டேன்.”

“முப்பது வருஷமா அவனைத் திட்டினீங்களேப்பா!”

“அவன்கிட்ட சொல்ல வாய் வரலம்மா.”

எழுதினேன். அப்பா அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். உனக்குப் போன் பண்ணச் சொன்னதற்கு, காட் மீன்பிடி சீசன் முடியட்டும், அப்புறம் பேசுகிறேன் என்றார். அதற்குள் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரைச் சுன்னிவாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தோம். நீ வராததில் எனக்குக் கோபமில்லை.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா சொல்லாமல் விட்டுப்போன சுன்னிவாவின் கதையை நீ சொல்லித்தான் இனி நான் எழுத வேண்டும். வா.

உன் அக்கா