உடுப்பில்லாப் படங்களுக்கு நடுவே நண்டுக் கறி

எசன், ஜேர்மனி, 15.8.2003

என் வீட்டு மகாராணி அன்ரனிற்றாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் யானைபோல் சுகமாக இருக்கிறேன். உமது முழங்கால் நோவு எப்படி?

ஒரு சின்னப் புதினம். நான் எழுதி அனுப்பிய உமது நண்டுக் கறிச் செய்முறையை, இலண்டன் ஆண்கள் சஞ்சிகை ஒன்று பீலிக்ஸ் என்ற என் பெயரோடு அச்சிட்டுவிட்டது. இரு பக்கமும் உடுப்பில்லாத பெண்கள். முந்திப் பெரிய பெரிய எழுத்தாளர்களே அவர்களுக்கு நடுவில்தான் கதை எழுதினார்களாம், இப்போது நானும்!

இங்கத்தைக் கோயில் சபைக் கொட்வின் அண்ணை அந்தச் சஞ்சிகையோடு வந்தார். "அது வேற பீலிக்ஸ் எண்டு சொல்லும். இல்லாட்டி மாதா திருநாள் சமையலுக்கு வரவேண்டாம்."

"என்ர மனிசியின்ர கறி, அண்ணை. வத்திக்கானே வந்து கேட்டாலும் மறுக்க ஏலாது."

கரண்டியைப் பறித்தார்கள்; தலை நிமிர்ந்தபடியே இருக்கிறது. இன்று எல்லோரும் திருநாளில். நான் வீட்டில் நண்டு காய்ச்சுகிறேன்.

வறுத்த தூள் அனுப்பும். ஓர் ஆளுக்கு மட்டுமென்றால் எவ்வளவு புளி விடுவது என்றும் எழுதும். கறி பொங்குகிறது, ஓடுகிறேன்.

உமது பீலிக்ஸ்