ஹன்னாவைத் தேடி வந்த தமையன்

மொன்றியல்
12 மே 2003

அன்புள்ள அண்ணைக்கு,

சமாதானம் வந்துவிட்டது, யூலையில் வந்து மகளை அழைத்துப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நாலு வயதில் ஆர்த்திகாவை என்னோடு அனுப்பி ஏழு வருடமாகிறது. விமான நிலையத்துக்கு இருவரும் வருவோம்.

நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்துக்குப் போன வாரம் ஓர் அமெரிக்க அம்மா வந்தார். முன்னூறு வருடங்களுக்கு முன், அவர்கள் குடும்பத்தில் ஹன்னா என்ற சிறுமியைப் பிரெஞ்சுப் படையினர் சண்டையில் பிடித்து இங்கே கொண்டுவந்துவிட்டார்களாம். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் அவளைத் தேடிக் கொடுத்தேன். பல வருடம் கழித்துப் போர் நின்றதும் அவளுடைய தமையன் பனியில் நடந்தே வந்திருக்கிறான். அவன் பேசிய ஆங்கிலம் அவளுக்கு விளங்கவில்லை, பிரெஞ்சு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஒரு கன்னியாஸ்திரி மொழிபெயர்த்திருக்கிறார். போகமாட்டேன் என்றிருக்கிறாள்.

"யாராவது மறித்திருப்பார்கள்" என்றார் அந்த அம்மா.

பதிவேட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து ஆர்த்திகாவிடம், "அப்பா வாறார், அவரோட போறியோ?" என்று கேட்டேன். "அவரோடு எந்த மொழியில் பேசுவது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அண்ணை, அவளுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், பேசவோ எழுதவோ வராது. அவள் பெயரில் உங்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதினேன், சிறுபிள்ளை எழுத்துப் போலக் கோணலாக. நீங்கள் கவலைப்படக்கூடாது என்று தொடங்கினேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

வாருங்கள். நீங்கள் இருவரும் பேசும்போது நடுவில் நான் இருப்பேன். இந்த முறை அவள் சொல்வதை மட்டும் சொல்வேன்.

உங்கள் தங்கச்சி