ஆறாவது ஸ்விட்ச்

சான்ட்வெர்,
4 மே 1998

அன்புள்ள ரன்வெய்க்,

பெர்கன் வீடு பழகிவிட்டதா? மகள் லிவ்வும் பேத்தி தூவாவும் நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் ஓரிடத்தில் உட்காராமல் வீட்டுக்கும் படகுத்துறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். எல்லாம் நீ விற்ற படகால்தான்.

சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆறு ஸ்விட்ச். ஒன்றிலும் எழுத்து மிச்சமில்லை. முதலாவதைத் தட்டினேன், ஹாரன் அலறியது. கரையில் நின்ற ஸ்டைனார் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, "ஏம்மா, ஊர்ல ஒருத்தரும் நிம்மதியா இருக்கக் கூடாதா?" என்றார். இரண்டாவதுக்கு முன்பக்கச் சிவப்பும் பச்சையும் எரிகின்றன, பின்பக்க வெள்ளை எரியவில்லை. நான்காவதைப் போட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. ஆறாவது எதற்கென்றே தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி முதல் மூன்று தீவுகளின் நோயாளிகளும் என் பொறுப்பு. காலை எட்டு மணிக்குள் ஆல்ஃபில்டுக்கு இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். இந்தப் படகை நம்பித்தான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
ஒட்னி

பெர்கன்,
8 மே

அன்பு ஒட்னி,

ஸ்டைனாரின் சட்டையை நினைத்து நன்றாகச் சிரித்தேன்.

எழுத்து எதற்கடி? கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணு. ஹாரன், வழிவிளக்கு, கண்ணாடித் துடைப்பான், அறைவிளக்கு, பம்ப். அறைவிளக்கின் பல்பைத் திருகிப் பார், தளர்ந்திருக்கும். பின்பக்க வெள்ளைக்கு மூடியைக் கழற்றி, பச்சை பூத்த பித்தளையை உப்புத்தாளால் தேய்.

ஆறாவது எப்போதும் மேலேயே இருக்கட்டும். அதைத் தொடாதே. பழைய ஒயர், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும்.

பிரியமுடன்,
ரன்வெய்க்

சான்ட்வெர்,
13 மே

அன்புள்ள ரன்வெய்க்,

வெள்ளை விளக்கு எரிகிறது! அறைவிளக்கும்தான். பின்னால் போய் நின்று நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று. படகில் ஏறினாலே பலகைக்குக் கீழே ஏதோ முனகுகிறது. பம்புக்கான ஐந்தாவது ஸ்விட்ச் அணைந்து கீழே இருக்கும்போதும் முனகுகிறது. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், அதைத்தான் ஏதோ இறைக்கிறது என்றார் ஸ்டைனார். இங்கே மழை பெய்து ஆறு நாள் ஆகிறது. பலகை இடுக்கில் விரலை விட்டு நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

மழைத்தண்ணீர் உப்புக் கரிக்குமா, ரன்வெய்க்?

ஒட்னி

பெர்கன்,
18 மே

அன்பு ஒட்னி,

நேற்றுத் தேசிய தினக் கொடி ஊர்வலத்தில் தூவா புது உடுப்பில் போனாள். நல்ல கூட்டம்.

பழைய படகு, நாலு சொட்டு உள்ளே வரத்தான் செய்யும். வீணாகக் கவலைப்படாதே. எனக்கு இப்போது நீளமாக எழுத நேரமில்லை.

ரன்வெய்க்

சான்ட்வெர்,
23 மே

ரன்வெய்க்,

ஃபோனில் உன் குரலைக் கேட்டால் என்னால் கோபப்பட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேட்டரி தினமும் இறங்கிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை காலை, ஆறாவதுதான் தின்கிறதோ என்று அதை அணைத்துவிட்டுப் புறப்பட்டேன். ஆல்ஃபில்டின் துறையில் படகைக் கட்டிவிட்டு ஊசி போடப் போனேன். அரை மணி நேரம்தான். திரும்பி வந்து ஏறினால் கணுக்கால் அளவு தண்ணீர். ஆல்ஃபில்ட் ஜன்னலைத் திறந்து, "சிஸ்டர், படகு ஏன் உக்காந்திருக்கு?" என்று கத்தினாள். ஐந்தாவது, ஆறாவது இரண்டையும் போட்டுவிட்டு, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் சுக்கானுமாக வீடு வந்து சேர்ந்தேன். மருந்துப் பை முழுக்க நனைந்துவிட்டது.

ஸ்டைனார் பலகையைப் பெயர்த்தார். ஆறாவதின் ஒயர் ஒரு புத்தம்புது பம்புக்குப் போகிறது. அதன் பக்கத்தில், முழங்கை நீளத்துக்குப் பூசி அடைத்த விரிசல். பூச்சின் ஓரம் விட்டுவிட்டது.

"உன் சிநேகிதிக்கு இது தெரியும்," என்றார் ஸ்டைனார். "அவ அப்படிப்பட்டவ இல்ல," என்றேன். சொன்ன பிறகு எனக்கே நம்பிக்கை இல்லை.

தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஒட்னி

பெர்கன்,
28 மே

ஒட்னி,

தெரியும்.

அக்டோபரில். நல்ல வெயில், கடல் அசையவே இல்லை. ஸ்வார்ட்ஹோல்மன் பாறையை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அன்று அது அங்கே இல்லை. இடித்த பிறகுதான் இருந்தது.

என் பார்வையின் நடுவில் ஒரு புகை. ஓரங்கள் தெளிவு. ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரிகிறது, மூக்கு தெரிவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. விரிசலை நானே அடைத்தேன், இரண்டாவது பம்பை நானே பொருத்தினேன். படகை எனக்குக் கொடு என்று நீ கேட்டபோது, "வேண்டாம்டி" என்று வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாய். படகில் ஓட்டை என்பதைச் சொல்லிவிடலாம். மற்றதை என்னால் சொல்ல முடியவில்லை.

லிவ்வுக்கும் தெரியாது. தெரிந்தால் காரைப் பிடுங்கிக்கொள்வாள். தூவாவைப் பள்ளியில் விடுவதும் அழைத்துவருவதும் நான்தான். இங்கே அது ஒன்றுதான் எனக்கு வேலை. தெரிந்த தெரு, மெதுவாகத்தான் போகிறேன்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ரன்வெய்க்

சான்ட்வெர்,
1 ஜூன்

ரன்வெய்க்,

படகைக் கரையேற்றியாகிவிட்டது. இரவல் படகில் ஆல்ஃபில்டிடம் போய்வருகிறேன். அதைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம்.

தெரிந்த தெரு என்று எழுதியிருக்கிறாய். அதுவும் தெரிந்த பாறைதானே?

இதை எழுதுவதற்குள் நாலு முறை எழுந்துபோய் ஃபோனைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். நீயே சொல்வதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லிவ்விடம் சொல். அதுவரை காரைத் தொடாதே. காய்ச்சல் என்று சொல்லிப் படு, என்ன பொய் வேண்டுமானாலும் சொல், உனக்கு வராததா? திங்கட்கிழமை காலை நான் அவளை அழைப்பேன். அதன் பிறகு என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று நீ சொன்னாலும் சரி.

ஒட்னி

பெர்கன்,
10 ஜூன்

ஒட்னி,

திங்கட்கிழமை நீ அழைத்தபோது, "அம்மா சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லிவ் ஃபோனை வைத்துவிட்டாளாமே. அவள்மேல் வருத்தப்படாதே. அப்போது அவள் யாரோடும் பேசும் நிலையில் இல்லை.

சனிக்கிழமை மதியம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ இருந்தும்மா?" என்றாள். "அக்டோபர்ல இருந்து." "அப்போ தூவாவை எத்தனை தடவை கூட்டிட்டுப் போனே?" என்றாள். சாவியை மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று மருத்துவர் பார்த்தார். போனது திரும்பாது, ஓரங்கள் இருக்கும் என்றார். பள்ளிக்கு இப்போது நாங்கள் நடந்தே போகிறோம். சாலையைக் கடக்கும்போது தூவா என் கையை இறுக்கிக்கொண்டு, "பாட்டி, நான் சொன்னாத்தான் கால வைக்கணும்," என்கிறாள். வைக்கிறேன்.

ஆல்ஃபில்டின் துறையில் உனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாய் எழவில்லை.

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. லிவ் வாசித்துக்காட்டுகிறேன் என்றாள், நான் கொடுக்கவில்லை. இனிமேல் எழுதினால், எழுதுவாயானால், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

ரன்வெய்க்