பௌர்ணமிக்கு ஆடும்னு சொன்னது

திங்கள்.
விடியற்காலையிலிருந்து மழை. துணி காயலை. தேக்கா மார்க்கெட்டில் வாங்கினது: முருங்கைக்கீரை, நெத்திலி, வாழைப்பூ. வாழைப்பூ உள்ளே கறுப்பு. இனி அந்தக் கடைக்குப் போறதில்லை.

லிஃப்டில் எதிர்வீட்டு செல்லம்மா. யாழ்ப்பாணத்துக்காரி, ஆபீஸ் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு. நேத்து நாற்காலி லேசா ஆடினதைச் சொன்னேன். "அது உங்கட பிரஷர், அக்கா. குளுசை போட்டனீங்களோ?" சிரிப்பு வேற, நாலு பேர் முன்னாடி. போன தடவை கட்டடம் ஆடினப்பவும் இதையேதான் சொன்னா. அப்புறம் சுமத்ராவில் நிலநடுக்கம்னு நியூஸில் வந்தது. தப்புன்னு ஒரு வார்த்தை? கிடையாது.

மதியம் யோசிச்சுப் பார்த்தேன். ஆடினது எல்லாமே பௌர்ணமியை ஒட்டி. மருமகள் என் பித்தளைக் குத்துவிளக்கைக் கேக்காம தூக்கிப் போட்ட வாரம் ஒண்ணு. நாத்தனார் பேத்தி கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வராத வாரம் ஒண்ணு. அவருக்குத் திதி கொடுத்த மறுநாள் ஒண்ணு. இந்த வெள்ளி பௌர்ணமி.

பிளாக் வாட்சப் குரூப்பில் குரலில் பேசிப் போட்டேன். "வெள்ளிக்கிழமை சுமத்ரா பக்கம் பெரிசா ஆடும். நான் சொன்னா ஆடும்." செல்லம்மாவும் அதில் இருக்கா. கேக்கட்டும். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த வேலைக்காரப் பொண்ணு யாத்திகிட்டயும் மலாயில் சொன்னேன், பெருமையா.

புதன்.
வெயில். முழங்காலுக்குத் தைலம். யாத்தி சோற்றைக் குழைய விட்டா, நேத்தும் இப்படித்தான். திட்டினேன்.

வெள்ளி.
மூட்டம். செம்பில் தண்ணி வச்சுக் காலையிலிருந்து காவல். அசையலை.

பேத்தி காலேஜ் விட்டு வந்து, "என்ன பாட்டி, செம்பையே முறைக்கிறீங்க?"

சொன்னேன்.

"எந்த நாள் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது லா. எந்தப் பக்கம் வரக்கூடும்னுதான் சொல்வாங்க. ஆடாத பௌர்ணமி எத்தனை போச்சு, அதைச் சொல்லுங்க."

எதையும் மறக்காதவள்னு எனக்குப் பேர். ஆடாத பௌர்ணமி ஒண்ணுகூட ஞாபகத்தில் இல்லை.

அதுக்கப்புறமும் செம்பைத்தான் பார்த்தேன். விளக்கேத்தும்போது, ஆடணும்னு வேண்டிக்கிட்டேன். எழுதவே கூசுது. இங்கே செம்புத் தண்ணி ஆடணும்னா அங்கே வீடு இடியணும். தெரிஞ்சேதான் வேண்டினேன்.

சனி.
மறுபடி மழை. குப்பை போடப் போனா செல்லம்மா. "நேற்று பூமிக்கு லீவோ, அக்கா?" தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்.

அது பெரிசில்லை. பாட்டியை நெனெக்னுதான் கூப்பிடுவா யாத்தி. அடுப்படியில் கேட்டா, "நெனெக், எங்கம்மா வீட்டுக்குள்ளே போகலாமா?"

சுமத்ராவில் கடலோரம் இவள் ஊர். இத்தனை வருஷம் என் வீட்டில் சோறாக்குறா, எனக்கு அது நினைப்பிலேயே இல்லை. நான் சொன்னதை அன்னைக்கே ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கா. அம்மாக்காரி புதன்கிழமையிலிருந்து வெளியே, தென்னைக்கு அடியில் தார்ப்பாய் கட்டிப் படுக்குறாளாம். ஆஸ்துமாக்காரி. அங்கேயும் மழையாம்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"நெனெக் சொன்னா நடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

குழைஞ்ச சோறு அதுக்குத்தான். நான் வேற திட்டியிருக்கேன்.

ஞாயிறு.
யாத்திக்கு லீவு. வெளியே போகலை. நெனெக் வாயால் சொன்னாத்தான் உள்ளே போவேன்னு ஊரில் கிழவி பிடிவாதம்.

பேத்தியைக் கேட்டேன். "இனி வராதுன்னு சொல்லிடட்டுமா?"

"அதையும் யாரும் சொல்ல முடியாது பாட்டி."

சொல்லிடத்தான் ஆசை. ஒரே வார்த்தை. கிழவி உள்ளே போவா, யாத்தி சிரிப்பா, நான் மறுபடி பெரிய மனுஷி.

போனில் முகம் தெரிஞ்சது. என் வயசுதான் இருக்கும். தலையில் ஈரத் துண்டு, பின்னாடி நீலத் தார்ப்பாய். மூச்சு இழுக்கிற சத்தம் இங்கே வரைக்கும்.

"எனக்குத் தெரியாது. வரும்னு சொன்னப்பவும் தெரியாது. வராதுன்னு சொல்லவும் தெரியாது. மழையில் கிடக்காதீங்க, உள்ளே போங்க" அப்படின்னேன். யாத்தி அவங்க பாஷையில் சொன்னா. சொல்லும்போது என்னைப் பார்க்கலை.

கிழவி இருமி முடிச்சுட்டு ஏதோ கேட்டா. குரலில் கோபமில்லை.

"தெரியாதுன்னா ஏன் சொன்னாங்கன்னு அம்மா கேக்குறாங்க, நெனெக்."

போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடிச்சுக்கிட்டு நின்னா. கை வலிச்சதுபோல. மறு கைக்கு மாத்திப் பிடிச்சா.