ஒரே காதால் இரண்டு முறை கேட்டவனுக்கு

மாப்ள,

இன்று காலையில் எதிர் வீட்டு வங்காளி அண்ணி தன் மகனுக்குக் காது வலி என்று கடுகெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். டிசம்பர் பனியில் அந்த வாடை மேலே போகாமல் லேக் மார்க்கெட் பின்சந்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றது. நான் மாவு மிஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்துவிட்டேன். "கீ ஹொலோ, தாதா?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சொல்வதைவிட உனக்கு எழுதுவது சுலபம். நீ படிக்கப் போவதில்லை. எழுத்துப் பிழைக்கு மண்டையில் குட்டும் விழாது.

நம் பழக்கமே அடியில் தொடங்கியதுதானே. அப்போது நான் பாட்டுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சங்கம் என்றால் என்ன, கல்கத்தாவில் இருக்கும் தமிழ்ப் பாட்டுப் பைத்தியங்கள் ஒரு டஜன் பேர். துர்கா பூஜை லீவு விட்டால் தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் பெட்டி கட்டி இந்தியும் வங்காளமுமாக அலறவிடுவார்கள். நம் ஆட்கள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு பழைய தமிழ்ப் பாட்டு கேட்பார்கள். கேட்டதை அன்றைக்கே இணையத்தில் அவரவர் டைரியில் எழுத வேண்டும். பூஜையில் தொடங்கி ஆங்கிலப் புத்தாண்டு வரைக்கும். சட்டம் போட்டது நீ. ஒரே சட்டம்தான்: அன்றைக்குக் காதால் கேட்டதைத்தான் எழுத வேண்டும், ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, எனக்குப் பிடித்த பாடகரின் பாட்டு ஒன்றைப் பற்றி ஆகா ஓகோ என்று நாலு வரி எழுதினேன். மறுநாள் கடைக்கு வந்து நின்றாய். வெள்ளைச் சட்டை, ஆபீஸ் பை, உப்பிய கன்னம். நான் ஏதோ மொத்த ஆர்டர் என்று நினைத்தேன்.

"நேத்து எழுதுனீங்களே, அந்தப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி என்ன வாசிக்கிறான்?"

"புல்லாங்குழல்."

பளார் என்று விட்டாய். "வீணைடா அது! கேக்காம எழுதிருக்க!"

என் கடையில், என் மாவுக்கு நடுவில், என்னை ஒருவன் அறைகிறான். நான் விடுவேனா? மாவு வழிக்கும் கரண்டியால் உன் நெற்றியில் ஒன்று போட்டேன். நெற்றியில் மாவும் ரத்தமும் வழிய, நீ சிரித்தாய். "அடி நல்லா இருக்கு மாப்ள. பாட்டையும் இதே மாதிரி கவனமா கேட்டா என்ன?" அன்றைக்கு அந்தப் பாட்டை என் பெஞ்சிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். வீணைதான். அதிலிருந்து நீ மாப்ள, நான் மாப்ள. உன் பாடகருக்கு மூக்கு, என் பாடகருக்குத் தொண்டை என்று உன் டைரியின் கீழே நான் எழுத, என் ஆளை நீ கிழிக்க, நேரில் பார்த்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் பேச்சே.

உனக்கு ஒரு காதுதான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒயரின் ஒரு நுனி உன் வலது காதில் இருந்தது, இன்னொன்று தொங்கியது. இடது காது உன் அப்பா கொடுத்த அறையில் போனது. பரீட்சைக்கு முதல் நாள் போர்வைக்குள் ரேடியோ வைத்திருந்தாய். அவர் ஒரு முறைதான் கையை ஓங்கினாராம். "எங்கப்பா எதையும் ரெண்டு தரம் செய்ய மாட்டார்" என்று நீ அதைத் தமாஷாகச் சொல்வாய். நானும் விடவில்லை. "பாதிக் காதுக்கு எதுக்குடா முழுப் பாட்டு? பாதி விலைக்குக் குடுக்கச் சொல்லு."

ஆனால் நீ கேட்ட விதம் வேறு யாருக்கும் வராது. ஒயரில் இடது பக்கம் ஒரு வாத்தியமும் வலது பக்கம் இன்னொன்றுமாக வரும் பாட்டுகள் உண்டு. ரெண்டு காதுக்காரனுக்கு அது கலந்து போகும். நீ முதலில் ஒரு நுனியைச் செருகிப் பாட்டு முழுக்கக் கேட்பாய். பிறகு அதை எடுத்துவிட்டு அடுத்த நுனியை அதே காதில் செருகி மறுபடி முதலிலிருந்து கேட்பாய். உன் டைரியில் ஒவ்வொரு பாட்டும் இரண்டு பாட்டாக இருக்கும். "இடது பாட்டில் வயலின் அழுகிறது, வலது பாட்டில் அதைத் தபேலா கண்டுகொள்ளவே இல்லை" என்று எழுதியிருந்தாயே. நான் அதைப் படித்துவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். சொன்னால் உனக்குத் தலைகால் புரியாது என்று சொல்லவில்லை.

தெருவில் போனால் உன் வலது பக்கம்தான் நடக்க வேண்டும். சண்டை வந்தால் அந்தக் காதைத்தான் முதலில் கையால் மறைப்பாய். சண்டை வராமலும் இருக்காது. உன் கை அப்படி. ஆட்டோக்காரன், பக்கத்து சீட்டில் சத்தமாகப் பேசுகிறவன், உன் பாடகரை யாரென்று கேட்டவன். "இருக்குறது ஒண்ணுடா. பாத்து" என்பேன். "அதனாலதான் தொப்பி போடுறேன்" என்பாய். குரங்குத் தொப்பி, ஏப்ரலில்கூட.

கிறிஸ்துமஸ் அன்று சால்ட் லேக் பக்கம் ஏரிக்கரையில் சங்கத்துப் பிக்னிக். மட்டன் வெந்துகொண்டிருந்தது. நம் சின்னப் பெட்டியில் உன் பாடகர். வேலை அதிகம், வியர்த்துக் கொட்டுகிறது என்று தொப்பியைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினாய். பக்கத்தில் வேறொரு கூட்டம். வேனில் ஆள் உயரத்துக்குப் பெட்டி அடுக்கிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். முதல் அடியிலேயே ஏரித் தண்ணீர் நடுங்கியது. நீ கரண்டியோடு எழுந்து போனாய்.

"தாதா, ஏக்டு கொமான்." கொஞ்சம் குறைக்கத்தான் சொன்னாய்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் நம் பெட்டியைக் காட்டி, பிக்னிக்கில் யாருக்குக் காரியம் நடக்கிறது என்று கேட்டான். அவன் கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். சிரித்தபடியே குனிந்து அவர்கள் ஒயரைப் பிடுங்கி ஏரியில் எறிந்தாய்.

அடுத்து நடந்தது சண்டை இல்லை மாப்ள, அறுவடை. நாற்காலி பறந்தது. நம் மட்டன் தேக்சாவை எவனோ உதைத்துக் கவிழ்க்க, கொதிக்கும் குழம்பில் ஒருவன் உட்கார்ந்து எழுந்தான். ஒரு சோடா பாட்டில் உடைந்த சத்தம். உன் கரண்டி ஒருவன் பல்லில் பட்டது. பல் தெறித்ததைப் பார்த்தேன். நான் ஒருவன் கழுத்தை அக்குளில் இறுக்கிவைத்திருந்தேன். அவன் என் விலாவில் குத்திக்கொண்டிருந்தான். அப்போது கண்ணாடிக்காரன் உனக்கு வலது பக்கமாக வந்தான். கை ஓங்கியிருந்தது, உள்ளங்கை விரிந்திருந்தது.

"இடது பக்கம் அடிடா! இடது பக்கம் அடி!" என்று கத்தினேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான், வங்காளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. அவனுக்கு என்ன புரியும்?

பட்டாசு மாதிரி ஒரு சத்தம். நீ உட்கார்ந்தாய். காதிலிருந்து நூலாக ரத்தம் இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது. நான் அவன் முன்கையைக் கடித்தேன். வாயில் தோல் வந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்து எடுக்கும்வரை விடவில்லை. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்ன மாப்ள," என்றாய், தேவைக்கு மேல் சத்தமாக, "பாட்ட நிறுத்திட்டீங்களா?"

நம் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. உன் பாடகர் சரணத்தில் இருந்தார்.

டாக்டர் ஜவ்வு கிழிந்ததோடு நரம்பும் போய்விட்டது என்றார். அதை ஒரு தாளில் எழுதி உன்னிடம் காட்டினார். நீ அவர் கையெழுத்தைக் குறை சொன்னாய். அன்று மாலையே டைரி எழுதினாய்:

"இன்று கேட்டது: ஓர் அறை. தாளம் சுத்தம். அதற்குப் பிறகு ஒற்றைச் சுருதி, ஐந்தரைக் கட்டை இருக்கும். நிற்கவில்லை."

புத்தாண்டு வரைக்கும் தினமும் அந்தச் சுருதியைத்தான் எழுதினாய். ஏறியதா, இறங்கியதா, நடுவில் கமகம் வந்ததா என்று. சங்கத்து இன்ஜினியர் ஒருவர் கீழே எழுதினார்: "காது கேளாதவர் இசை நாட்குறிப்பு எழுதுவது விதிக்கு முரண்." அந்த ஆள் வாழைத்தண்டு வாங்க லேக் மார்க்கெட்டுக்குத்தான் வருவார். வந்தார். அவர் கையிலிருந்த தண்டைப் பிடுங்கி அதாலேயே அடித்தேன். தண்டு மூன்றாய் உடைந்தது. கறிவேப்பிலைக்காரி கூடையோடு ஒதுங்கினாள். அவர் என் மூக்கில் குத்தினார், நான் அவரைத் தேங்காய்க் குவியலில் தள்ளினேன். நீ எங்கிருந்தோ வந்து நடுவில் புகுந்து, யாரை அறைந்தாய்? என்னை.

நான் போனில் தட்டிக் காட்டினேன்: ஒனக்காகத்தான்டா அடிச்சேன்.

"அவர் சட்டம் பேசுறாரு. நீ தண்டால பேசுற," என்று கத்தினாய். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. பிறகு இன்ஜினியரைத் தூக்கி நிறுத்திச் சட்டையில் இருந்த தேங்காய் நாரைத் தட்டிவிட்டாய். "சார், சுருதி கேட்டுச்சு, எழுதுனேன். அது நின்னா அதையும் எழுதுறேன். சரிதானா?" அவர் ரத்தம் கட்டிய உதட்டோடு தலையாட்டினார்.

மார்ச் மாதம் அது நின்றது. காது மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தாய். பேச்சு, தகரத்தில் கல் விழுகிற மாதிரி. பாட்டு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி என்றாய். உன் பாடகரை ஒரு முழுப் பாட்டு அப்படிக் கேட்டுவிட்டு மிஷினைக் கழற்றித் தரையில் போட்டுச் செருப்பால் மிதித்தாய். அது நசுங்கி முடிந்த பிறகும் மிதித்தாய். அன்றைக்கு மட்டும் நான் கேலி செய்யவில்லை.

அடுத்த பூஜை வந்தது. நீ டைரியை விட்டுவிடுவாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சஷ்டி அன்று எழுதியிருந்தாய்: "இன்று கேட்டது: ஒன்றுமில்லை." சப்தமியும் அதேதான். அஷ்டமிக்குப் பந்தலில் டாக் மேளக்காரர்கள் முன்னால் போய் மணிக்கணக்காக நின்றாய். அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: "வயிற்றில் ஏதோ அடித்தது. கேட்டதா என்று உறுதியில்லை. ஆகவே சேர்க்கவில்லை." எத்தனையோ பாட்டு உனக்கு மனப்பாடம். ஒன்றை எடுத்து எழுதியிருந்தால் எங்களில் எவன் கேட்டிருப்பான்? நீ எழுதவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று டிசம்பர் வரைக்கும் வந்தாய்.

அந்த ஹார்னை நான் கடையிலிருந்தே கேட்டேன். ராஷ்பிஹாரி முக்கில் மினிபஸ் அடிப்பது புதிதா? நீளமாக அடித்தான், நிறுத்தி மறுபடி அடித்தான். எவனோ குறுக்கே போகிறான் என்று நினைத்தபடி மாவைத் தள்ளினேன். பிறகு பிரேக். பிறகு கூச்சல்.

நான் ஓடி வந்தபோது உன்மேல் யாரோ சால்வை போர்த்தியிருந்தார்கள். கால் மட்டும் தெரிந்தது, ஒன்றில் செருப்பு இல்லை. கூட்டம் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. ஒல்லியான ஆள். நானும் போனேன் மாப்ள. அடிக்கத்தான் போனேன். கையில் செங்கல் இருந்தது, எங்கே எடுத்தேன் என்று தெரியாது. அவன் வாய் முழுக்க ரத்தத்தோடு, "ஹார்ன் தியேச்சிலாம், தாதா! ஹார்ன் தியேச்சிலாம்!" என்று அலறினான்.

அடித்தான்தான். தெருவே கேட்டது, உன்னைத் தவிர.

செங்கல் கீழே விழுந்தது. அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். என் முதுகில் விழுந்த உதைகளில் ஒன்று விலாவை உடைத்தது. செத்தவன் என் சினேகிதன், அவனுக்குக் காது கேட்காது, இவன் ஹார்ன் அடித்தான், நான் கேட்டேன் என்று கத்தினேன். இந்தத் தடவை வங்காளம் வந்தது. உதை ஒவ்வொன்றாக நின்றது. டிரைவர் எனக்குக் கீழே குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். நீ உயிரோடு இருந்து பார்த்திருந்தால் என்னை அறைந்திருப்பாயா, அவனையா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இந்த வருஷமும் எழுதுகிறோம். இன்ஜினியர் என் பிழைகளைத் திருத்திக் கொடுக்கிறார், குட்டாமல். உன் பாடகரைக் கேட்டேன், பரவாயில்லை, மூக்கு கொஞ்சம் அதிகம்.

ஆனால் என் கைக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. ஹார்ன் சத்தம் கேட்டால் போதும், பக்கத்தில் யார் நடந்தாலும் காலரைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்துவிடுகிறது. என் பெண்டாட்டியின் ரவிக்கை இரண்டு கிழிந்துவிட்டது. போன வாரம் முக்கில் ஓர் ஆபீஸ்காரரை இழுத்தேன். பஸ் அவரைத் தொடுகிற தூரத்தில்கூட இல்லை. பட்டன் தெறித்தது. திரும்பி என் தாடையில் ஒன்று விட்டார். "பாகோல் நாகி?" பைத்தியமா என்கிறார்.

"இருக்கலாம் தாதா," என்றேன். "முதல்ல மேல ஏறி நில்லுங்க."

அவர் இன்னொரு அறைக்குக் கையை ஓங்கினார். ஓங்கட்டும் மாப்ள. பஸ் போய் முடிகிறவரை நான் காலரை விடவில்லை.