நிலைக்கு மேல் கஜலட்சுமி

தை 5, திங்கள்

காலையில் நல்ல பனி. களத்தில் கிடந்த முந்திரிக்கொட்டை ஒன்பது மணி வரை காயவில்லை.

புது வீட்டில் பூச்சு வேலை முடிந்தது. தலைவாசல் நிலைக்கு மேல் சுதை வேலை பாக்கி. கொடும்பாளூர்ப் பக்கத்து ஸ்தபதி வந்தார். பேசி முடித்தது:

– கஜலட்சுமி, இரண்டரை அடி, தாமரையில் உட்கார்ந்தபடி
– இரண்டு பக்கமும் யானை, துதிக்கையில் குடம்
– ஓரத்துக்கு ஒரு கிளி (அவர் ஆறு கேட்டார்)
– சிங்கம், சிப்பாய் கிடையாது

குடிபுகுவது 18, ஞாயிறு. 16ஆம் தேதி சாரம் பிரித்தாக வேண்டும். சொல்லியாயிற்று.

"மாதிரிக்குப் படம் அனுப்புங்க ஆத்தா" என்றார். காலண்டர் லட்சுமியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

தை 9, வெள்ளி

யானைகள் ஏறிவிட்டன. என் வீட்டுக்காரர் கீழே நின்று, "யானை சிரிக்கிறாப்ல இருக்கே" என்றார்.

"வேல கெடச்ச சிரிப்புங்க" என்றார் ஸ்தபதி.

லட்சுமியின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வைத்திருக்கிறார். நேராக வைத்தால் கீழே இருந்து தாடைதான் தெரியுமாம். தொழில் தெரிந்த ஆள்.

மறக்காமல்: வாழைமரம், பந்தல் ஆளுக்கு போன், இவருக்கு வேட்டி. எனக்கு மூட்டு வலி.

தை 12, திங்கள்

சித்தாள் செல்வி களத்துக்கே ஓடி வந்தாள். "ஆத்தா, வந்து பாருங்க. லெட்சுமி ஒங்கள மாதிரியே இருக்கு."

போனேன். என்னை மாதிரி இல்லை, நானேதான். வளைந்த மூக்கு, தடித்த கீழுதடு. கொட்டை வறுக்கும்போது எண்ணெய் தெறித்த கன்னத்துத் தழும்பைக்கூட விடவில்லை.

ஸ்தபதி: "நீங்கதான ரெண்டு படம் அனுப்புனீங்க. ஒண்ணு ஒடம்புக்கு, ஒண்ணு மொகத்துக்குன்னு நெனச்சேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு எடுத்த என் போட்டோவும் சேர்ந்து போயிருக்கிறது. என் கை செய்த வேலை.

உண்மையை எழுதுவதற்கென்ன, பிடித்திருந்தது. பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்தேன்.

இவர்: "தெனம் காலைல ஒன்னயக் கும்புட்டுட்டுத்தான் டீக்கடைக்குப் போகணுமா?"

கண்மணி இன்னும் வைக்கவில்லை. அது கடைசியில்தான்.

தை 13, செவ்வாய்

வேலை முடித்து, என்னிடம் முந்திரிப்பருப்பு உடைக்கிற பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். காளியம்மா முன்னால். ஒரே அடுப்பில் இருவரும் கொட்டை வறுத்த காலத்தில் என்னை 'ஏடி' என்பவள். இப்போது 'முதலாளி'.

வாசலில் அவள் கை தானாகக் குவிந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கினாள்.

"நாளைக்கிக் கூலி கூட்டிக் கேக்கணும்னா எதக் கும்புடுறது முதலாளி? மேல உள்ளதையா, கீழ உள்ளதையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்கள் என் முகத்துக்குக் கீழே குனிந்து நுழையக் கூடாது. இத்தனை வருஷம் சேர்த்த பேர், ஒரே நாளில் ஊர்ச் சிரிப்பாகிவிடும்.

ஸ்தபதியைக் கூப்பிட்டேன். "மொகத்த எடுத்துட்டு வேற வைங்க."

"அது ஆகாதுங்க ஆத்தா. உசுரோட இருக்கவங்க மொகத்துல நான் பூச்சுக்கரண்டி வைக்க மாட்டேன்."

"இன்னும் கண்ணே தெறக்கலையே."

"தெறக்காட்டியும் மொகம் ஒங்க மொகம்."

இவரும் அவர் கட்சி. "விட்ரு. எவளுக்கு இப்பிடிக் கெடைக்கும்?"

நான் கேட்டேன்: "நான் கரண்டி வைக்கலாமா?"

ஸ்தபதி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "ஒங்க மொகம். நீங்க வைக்கலாம்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரம் ஏறினேன். இவர் ஏணியைப் பிடித்தார். சுதை இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. முதலில் மூக்கு, இரண்டே வெட்டு. பிறகு உதடு. தழும்பு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. அதையும் எடுத்தேன்.

கீழே செல்வி கூடையோடு, "மூக்க எங்கிட்டு ஆத்தா போடுறது?"

"குப்பையில."

"நான் மாட்டேன்."

கொல்லைப்புறம் துணி துவைக்கிற தளத்துக்கு ஜல்லியோடு சேர்க்கச் சொன்னேன்.

தை 15, வியாழன்

வெயில் நல்லபடி. புது முகம் வந்துவிட்டது. மூக்கு நேராக இருக்கிறது. யார் சாயலும் இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மாலையில் ஸ்தபதி கண்மணி வைத்தார். அந்த நேரம் யாரும் எதிரே நிற்கக் கூடாது என்று எங்களைச் சுவரோரம் ஒதுக்கினார். முடிந்ததும், வேலை விட்டு வந்திருந்த காளியம்மா போய் நேர் கீழே நின்று கும்பிட்டாள்.

"ஏடி, வந்து கும்புடு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

போய்ப் பக்கத்தில் நின்றேன்.